திரையின் அளவுக்கு ஒரு விலையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

புதிய கைப்பேசிகளையும் டேப்லெட்டுகளையும் பற்றிய கட்டுரைகளில் கேமராவுக்கும் பேட்டரிக்கும் திரைக்கும் ஒதுக்கப்படும் இடத்தில் கால்பங்குகூட, அவற்றில் அலுவல் பார்க்க உதவும் செயலிகளுக்கு ஒதுக்கப்படுவதில்லை. கருவிக்கு ஒருமுறை விலை கொடுத்தால் அத்துடன் முடிந்துவிடுகிறது. கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் கூட்டங்களில் காட்டுவதற்கான படங்களைத் தயாரிக்கவும் பயன்படும் செயலிகளுக்கோ, கருவி கையில் இருக்கும் வரை ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டிய நிலை உருவாகியிருக்கிறது. இவற்றால் உண்மையில் என்ன பயன், கேட்கப்படும் விலை அந்தப் பயனோடு பொருந்துகிறதா என்பது குறித்துச் சிலவற்றைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் பயனைப் பார்ப்போம். கைப்பேசியில் நம்மில் பெரும்பாலோர் செய்யும் அலுவலக வேலை என்பது, மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ வந்த கோப்பைத் திறந்து படிப்பது, அதில் தவறாக இருக்கும் ஒரு தேதியையோ தொகையையோ திருத்துவது, மற்றவர் எழுதிய குறிப்புக்குப் பதில் எழுதுவது, பிடிஎஃப் ஆக்கி அனுப்புவது ஆகியவற்றோடு முடிந்துவிடுகிறது. முழு அறிக்கையையும் கைப்பேசியிலேயே எழுதி முடிப்பவர்கள் இல்லாமல் இல்லை. அவர்களுடைய பொறுமை எனக்கு வியப்பைத்தான் தருகிறது. ஆறு அங்குலத் திரையில் விசைப்பலகை வந்தவுடன் பாதி இடம் போய்விடுகிறது. கைப்பேசியைப் படுக்கைவாட்டில் திருப்பினால் இரண்டு மூன்று வரிகளுக்கு மேல் கண்ணில் படுவதில்லை. எக்செல் தாள் ஒன்று 10,48,576 வரிசைகளையும் 16,384 நெடுவரிசைகளையும் தாங்கும். கைப்பேசித் திரையிலோ படிக்கும் அளவில் நாலைந்து நெடுவரிசைகள் தெரிந்தாலே பெரிது. கணக்குப் பிரிவுகளில் அன்றாடம் புழங்கும் மேக்ரோக்கள் (திரும்பத் திரும்பச் செய்யும் வேலையைத் தானாகச் செய்து முடிக்கும் சிறு நிரல்கள்) கைப்பேசி எக்செல்லில் இயங்குவதும் இல்லை. கணக்கு வேலையில் பழகிய எவரும், கைப்பேசியில் கூட்டுத்தொகையைச் சரிபார்ப்பார்களே தவிர, ஆண்டுக் கணக்கை அதில் முடிக்க உட்கார மாட்டார்கள்.

இருந்தாலும், கைப்பேசிச் செயலி என்பது மேசைக்கணினி மென்பொருளின் குறைப்பிரசவம் என்று தள்ளிவிடுவதும் நியாயமாகாது. அச்சிட்ட அட்டவணையைக் கைப்பேசிக் கேமராவால் படமெடுத்தால், அதிலுள்ள எண்களை எக்செல் கட்டங்களில் கொண்டுவந்து சேர்க்கும் வசதி 2019-இல் கைப்பேசிக்குத்தான் முதலில் வந்தது. எண்களை ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கத்தான் வேண்டும் என்றாலும், பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்வதைக் காட்டிலும் அது எவ்வளவோ மேல். சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்ளும் வசதியும், ஒரே ஆவணத்தைப் பலர் ஒரே நேரத்தில் திருத்தும் வசதியும் அப்படியே. கையில் எப்போதும் இருக்கிறது, கேமராவும் ஒலிவாங்கியும் உடன் இருக்கின்றன என்ற இரண்டு காரணங்களால் கைப்பேசி செய்யும் இத்தகைய வேலைகளை மேசைக்கணினியால் அவ்வளவு எளிதாகச் செய்ய இயலாது.

டேப்லெட்டின் கதை வேறு. பத்து அங்குலத்துக்கு மேற்பட்ட திரை, பிரித்து மாட்டக்கூடிய விசைப்பலகை, சுட்டி ஆகியவை சேர்ந்துவிட்டால் அது ஏறத்தாழ மடிக்கணினியாகவே ஆகிவிடுகிறது. 2020 மார்ச்சில் ஐபேடுக்குச் சுட்டியையும் தொடுபலகையையும் முழுமையாகப் பயன்படுத்தும் வசதி வந்தது. சாம்சங் டேப்லெட்டுகளில் டெக்ஸ் என்ற ஏற்பாடு கணினியைப் போலவே சாளரங்களைத் திறந்து காட்டுகிறது. மாணவர்களும் எழுத்தாளர்களும் களப்பணியாளர்களும் டேப்லெட்டிலேயே நீண்ட ஆவணங்களை எழுதி முடிப்பது இன்று சாதாரணம். ஆகவே, படிப்பதும் சிறு திருத்தம் செய்வதும் ஒரு வகைப் பயன், முழு வேலையையும் அதிலேயே செய்வது இன்னொரு வகைப் பயன். விலையும் இந்த வேறுபாட்டை ஒட்டி அமைந்திருந்தால் யாருக்கும் குறை இருக்காது. ஆனால் அது அப்படி அமையவில்லை என்பதே என் முறையீடு.

இந்த விலைகள் எப்படி மாறிவந்தன என்பதைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது நல்லது. 1996-இல் வந்த, மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் சிஇ இயங்குதளம் கொண்ட கையடக்கக் கணினிகளில் பாக்கெட் வேர்டும் பாக்கெட் எக்செல்லும் கருவியோடு சேர்ந்தே வந்தன. 2010 ஏப்ரலில் ஐபேடு வெளியானபோது எழுதவும் கணக்குப் போடவும் கூட்டங்களில் படம் காட்டவும் உதவும் ஆப்பிளின் பேஜஸ், நம்பர்ஸ், கீநோட் ஆகிய மூன்றும் தலா 9.99 டாலருக்கு விற்கப்பட்டன. ஒருமுறை கொடுத்தால் போதும். ஆண்ட்ராய்டிலும் ஐபேடிலும் பலர் காசு கொடுத்து வாங்கிய குயிக்ஆபீஸ் என்ற அலுவலகச் செயலியை நடத்திய நிறுவனத்தைக் கூகுள் 2012-இல் விலைக்கு வாங்கி, 2013-இல் அந்தச் செயலியை இலவசமாக்கி, 2014-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. மைக்ரோசாஃப்ட் 2013 ஜூனில் ஐபோனுக்கும் 2014 மார்ச்சில் ஐபேடுக்கும் தன் ஆபீஸ் செயலிகளைக் கொண்டுவந்தபோது, சந்தா இல்லாதவர்களால் ஐபேடில் கோப்பைப் பார்க்க மட்டுமே முடிந்தது, திருத்த முடியவில்லை. அதே ஆண்டு நவம்பரில் அடிப்படைத் திருத்தங்கள் இலவசமாயின. ஆப்பிளும் 2013-இல் புதிய கருவி வாங்குவோருக்கும், 2017-இல் எல்லோருக்குமாகத் தன் மூன்று செயலிகளை இலவசமாக்கியது. நான்கைந்து ஆண்டுகளுக்குள் செயலிக் கடையில் இந்தப் பெயர்களுக்கு எதிரே இருந்த விலை மறைந்து, ‘இலவசம்’ என்ற சொல் வந்து அமர்ந்துகொண்டது.

விலை மறைந்ததே ஒழிய, செலவு மறையவில்லை. அது சந்தாவாகவும் சேமிப்பிடக் கட்டணமாகவும் விளம்பரமாகவும் உருமாறியது. இலவசம் என்ற சொல்லுக்குப் பின்னே இருக்கும் நிபந்தனைகளைப் படித்தால்தான் இது விளங்குகிறது.

மைக்ரோசாஃப்டின் நிபந்தனை ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். திரை 10.1 அங்குலமோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் ஆவணத்தை இலவசமாகத் திருத்தலாம். அதைத் தாண்டினால் சந்தா வேண்டும் என்பது அந்த நிறுவனம் வகுத்த விதி. அதே மனிதர், அதே கணக்கு, அதே ஆவணம். டேப்லெட் மட்டும் சற்றுப் பெரிதாகிவிட்டால் திருத்தும் உரிமை போய்விடுகிறது. 2019-இல் ஆப்பிள் தன் விலை குறைந்த ஐபேடின் திரையை 9.7 அங்குலத்திலிருந்து 10.2 அங்குலமாக உயர்த்தியது. 10.1 என்ற கோட்டை ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு தாண்டியதால் அதை வாங்கியவர்கள் அந்தக் கோட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். பெரிய திரை வைத்திருப்பவர் பெரிய வேலை செய்பவராகத்தான் இருப்பார் என்று நிறுவனம் கருதியிருக்கலாம். பார்வை மங்கியதால் பெரிய திரை வாங்கும் முதியவரையும், பள்ளிக்கூடக் கட்டுரை எழுதும் சிறுவனையும் அந்தக் கணிப்பு எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆடையின் அளவை வைத்து ஆளின் வருமானத்தைக் கணிப்பது போன்ற கணக்கு இது.

இதைவிட முக்கியமானது, பலருடைய கண்ணில் படாத இன்னொரு நிபந்தனை. இலவசத் திருத்தம் சொந்த உபயோகத்துக்கு மட்டுமே. வணிக நோக்கத்துக்குப் பயன்படுத்துவோர் அதற்குரிய சந்தா வைத்திருக்க வேண்டும். தன் சிறு தொழிலுக்கான விலைப்பட்டியலைக் கைப்பேசியில் தயாரித்து அனுப்பும் ஒருவர் உரிம விதியை மீறுகிறார் என்பது அவருக்கே தெரியாது. செயலி அவரைத் தடுப்பதும் இல்லை, எச்சரிப்பதும் இல்லை. இத்தகைய விதி யாருக்கு உதவுகிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

இலவசப் பகுதிக்கும் கட்டணப் பகுதிக்கும் நடுவே கோடு கிழிக்கப்பட்ட இடமும் விசித்திரமானது. 2014-இல் வேர்டுக்கு அறிவிக்கப்பட்ட கட்டண வசதிகளின் பட்டியலில், யார் எதைத் திருத்தினார் என்று அடையாளமிடுவது, பக்கத்தை நெடுவரிசைகளாகப் பிரிப்பது, ஆவணத்தைத் தனித்தனி அமைப்புள்ள பகுதிகளாகப் பிரிக்கும் முறிவுகளைச் சேர்ப்பது ஆகியவற்றோடு, பக்கத்தை நெடுவாட்டிலிருந்து படுக்கைவாட்டுக்குத் திருப்புவதும் இடம்பெற்றிருந்தது. மற்றவற்றையாவது தொழில்முறை வேலை என்று ஒப்புக்கொள்ளலாம். பக்கத்தைத் திருப்புவதற்குச் சந்தா கேட்பது, அட்டவணை ஒன்றை அவசரமாக அனுப்ப வேண்டிய நேரத்தில் மனிதர் மாட்டிக்கொள்வார் என்று தெரிந்தே வைத்த இடம் என்றுதான் எனக்குப் படுகிறது.

பெரிய நிறுவனங்களின் விதிகளையாவது தேடிப் படித்துப் புரிந்துகொள்ளலாம். செயலிக் கடைகளில் ‘டாக் ரீடர்’, ‘பிடிஎஃப் எடிட்டர்’ என்ற பெயர்களில் குவிந்துகிடக்கும் சிறு செயலிகளின் போக்கு இன்னும் மோசம். கோப்பைத் திறப்பதற்கு முன் ஒரு முழுத்திரை விளம்பரம், சேமித்த பின் இன்னொன்று, இவை வேண்டாமென்றால் மூன்று நாள் இலவசச் சோதனைக்குப் பிறகு வாரச் சந்தா என்று அவை கேட்கின்றன. வாரத்துக்கு என்று சொல்லும்போது சிறிதாகத் தெரியும் தொகையை 52-ஆல் பெருக்கிப் பார்த்தால், முழுமையான அலுவலகத் தொகுப்பின் ஆண்டுச் சந்தாவையே அது தாண்டிவிடும் இடங்களும் உண்டு. செயலியை நீக்கினால் சந்தாவும் நின்றுவிடும் என்று நம்புவோர் பலர். அது நிற்காது; செயலிக் கடையின் சந்தாப் பகுதிக்குச் சென்று தனியாக நிறுத்த வேண்டும். கைப்பேசியைத் தங்கள் பெற்றோருக்கு வாங்கித் தருபவர்கள் இந்த ஒன்றையாவது பார்த்துச் சரிசெய்து கொடுப்பது நல்லது.

செயலி உருவாக்குவோருக்கும் செலவு இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. இயங்குதளம் ஆண்டுதோறும் மாறும்போதெல்லாம் செயலியையும் மாற்ற வேண்டும்; ஆவணங்களைச் சேமிக்கவும் பலர் சேர்ந்து திருத்தவும் வழங்கிகளை (இணையம் வழியே சேவை தரும் கணினிகளை) நடத்த வேண்டும்; வரும் பணத்தில் செயலிக் கடை 15 முதல் 30 விழுக்காடு வரை எடுத்துக்கொள்ளும் வழக்கமும் இருக்கிறது. வழங்கியைத் தொடர்ந்து பயன்படுத்துபவர் தொடர்ந்து பணம் தருவது முறைதான். தன் கருவியிலேயே இருக்கும் கோப்பைத் தன் கருவியிலேயே திருத்துபவரிடமும் மாதந்தோறும் வாங்குவதற்குத்தான் நியாயம் தேட வேண்டியிருக்கிறது. மேசைக்கணினிக்கு ஒருமுறை விலை கொடுத்து வாங்கக்கூடிய ஆபீஸ் 2024-ஐ மைக்ரோசாஃப்ட் இன்றும் விற்கிறது. விண்டோஸ் அல்லது மேக் கணினி ஒன்றுக்கு மட்டுமே அது செல்லும். ஐபேடுக்கோ ஆண்ட்ராய்டு டேப்லெட்டுக்கோ அதை அப்படி ஒருமுறை விலை கொடுத்து வாங்கும் வழியே இல்லை. கணினி வைத்திருப்பவருக்கு இருக்கும் அந்தத் தேர்வு, டேப்லெட்டையே கணினியாக வைத்துக்கொள்ளும், பெரும்பாலும் வசதி குறைந்த ஒருவருக்கு ஏன் இல்லை?

சந்தாவில் இருக்கும் இன்னொரு சிக்கல், விலையும் பொருளும் நம் விருப்பத்தைக் கேளாமலே மாறுவது. 2014-இல் மாதம் 6.99 டாலராகத் தொடங்கிய மைக்ரோசாஃப்டின் தனிநபர்ச் சந்தா, அமெரிக்காவில் பத்தாண்டுகளுக்கு மேல் அப்படியே இருந்தது என்பதைப் பாராட்டத்தான் வேண்டும். 2025 ஜனவரியில் அது 9.99 டாலராக உயர்ந்தது. கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளரைத் தொகுப்பில் சேர்த்ததையே உயர்வுக்குக் காரணமாகக் காட்டினார்கள். அந்த உதவியாளர் வேண்டாம் என்பவர்களுக்குப் பழைய விலையில் ‘கிளாசிக்’ என்ற திட்டமும் இருந்தது. ஆனால் அது எளிதில் கண்ணில் படும்படி வைக்கப்படவில்லை. ஆஸ்திரேலியாவின் போட்டி, நுகர்வோர் ஆணையம் இதைக் காரணமாகக் காட்டி, சுமார் 27 லட்சம் வாடிக்கையாளர்கள் தவறாக வழிநடத்தப்பட்டார்கள் என்று 2025 அக்டோபரில் அந்த நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. சந்தாவை நீக்கும் பக்கம் வரை சென்றவர்களுக்கே கிளாசிக் திட்டம் காட்டப்பட்டது என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. பெரிய நிறுவனமே இப்படி என்றால், பெயர் தெரியாத செயலிகளிடம் வெளிப்படையான விலையை எதிர்பார்ப்பது வீண்.

அதற்காக இலவசமானதைத் தேடி ஓடுவோர் கவனிக்க வேண்டியவையும் உண்டு. கூகுளின் டாக்ஸ், ஷீட்ஸ், ஸ்லைட்ஸ் ஆகியவை திரை அளவைப் பார்ப்பதில்லை. பெரும்பாலோரின் தேவைக்கு அவையே போதும் என்பது என் அனுபவம். ஆனால் 2021 ஜூன் முதல் அவற்றில் புதிதாக உருவாக்கும் ஆவணங்களும் 15 ஜிபி இலவச இடத்தில் கணக்கிடப்படுகின்றன. அந்த இடத்தில்தான் மின்னஞ்சலும் புகைப்படங்களும் இருக்க வேண்டும். இணைப்பு இல்லாத இடத்தில் திறக்க வேண்டிய கோப்புகளை முன்கூட்டியே குறித்து வைக்காவிட்டால், தேவைப்படும் நேரத்தில் திறக்காது. லிப்ரேஆபீஸ் என்ற இலவச அலுவலகத் தொகுப்பை அடிப்படையாகக் கொண்ட கொலாபோரா ஆபீஸ் செயலி விளம்பரம் இல்லாமல் கருவிக்குள்ளேயே இயங்குகிறது. சிறு திரையில் அதைக் கையாள்வது சற்றுக் கடினம் என்றாலும், டேப்லெட்டில் நீண்ட ஆவணம் எழுதுவோர் அதைச் சோதித்துப் பார்க்கலாம். ஐபேடு வைத்திருப்பவர்கள் வேறெதற்கும் பணம் கட்டுவதற்கு முன் பேஜஸைத் திறந்து பார்ப்பது நல்லது. வேர்டு வடிவில் ஏற்றுமதி செய்யும் வசதியும் அதில் இருக்கிறது.

தமிழில் ஆவணங்கள் வைத்திருப்போருக்கு ஒரு குறிப்பு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளைக் கைப்பேசியில் திறந்தால், பொருளற்ற ரோமன் எழுத்துகளே தெரியும்; சந்தா கட்டினாலும் அது சரியாகாது. அவற்றை எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டு முறைக்கு மாற்றிக்கொள்வதே வழி. யூனிகோடில் இருக்கும் ஆவணத்திலும், கணினியில் பயன்படுத்திய எழுத்துரு கைப்பேசியில் இல்லாவிட்டால் வேறொன்று வந்து உட்கார்ந்து, வரிகள் நகர்ந்து, பக்க எண்ணிக்கையே மாறிவிடும். படிப்பதற்காக மட்டும் அனுப்பும் ஆவணத்தைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் பெறுபவர் எந்தச் செயலிக்கும் பணம் கட்டத் தேவையில்லை.

நிறுவனங்களிடம் நான் எதிர்பார்ப்பது பெரிதல்ல. செயலிக் கடையில் ‘செயலிக்குள் கொள்முதல் உண்டு’ என்று ஒற்றை வரியில் முடித்துக்கொள்ளாமல், எந்த வசதி இலவசம், எதற்குப் பணம், எவ்வளவு திரைக்கு மேல் விதி மாறும், வணிகத்துக்குப் பயன்படுத்தலாமா என்பவற்றைப் பதிவிறக்குவதற்கு முன்பே, பயனர் படிக்கும் மொழியில் சொல்ல வேண்டும். திரை அளவைக் கொண்டு விலை வைக்கும் முறையை விட்டுவிட்டு, செய்யும் வேலையைக் கொண்டு விலை வைக்க வேண்டும். டேப்லெட்டுக்கும் ஒருமுறை விலை கொடுத்து வாங்கும் வழி திறக்கப்பட வேண்டும். இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது, சந்தா முடிந்துபோனவர் தான் எழுதிய ஆவணத்தைத் திறக்கவும், குறையில்லாமல் வேறு வடிவில் எடுத்துச் செல்லவும் எந்தக் காலத்திலும் தடை இருக்கக் கூடாது என்பதுதான். ஓடிஎஃப் என்ற திறந்த ஆவண வடிவம் 2006-இலும், வேர்டு முதலியவற்றின் கோப்பு வடிவம் 2008-இலும் பன்னாட்டுத் தரங்களாகிவிட்ட நிலையில், இதற்குத் தொழில்நுட்பத் தடை ஏதும் இல்லை.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். புதிய டேப்லெட்டைப் பற்றி எழுதும்போது, அதன் விலைக்குக் கீழே, அந்தத் திரை அளவில் வேர்டையும் எக்செல்லையும் பணம் கட்டாமல் திருத்த முடியுமா, முடியாவிட்டால் ஆண்டுக்கு எவ்வளவு ஆகும், சந்தா இல்லாமல் அதே வேலைக்கு எந்தச் செயலி உதவும் என்ற மூன்று தகவல்களையும் சேர்த்து வெளியிடுங்கள். கருவியை மூன்று நான்கு ஆண்டுகள் வைத்திருக்கப்போகும் ஒருவருக்குச் சந்தாவின் மொத்தத் தொகை, பல சமயம், இரண்டு டேப்லெட்டுகளுக்கு நடுவே இருக்கும் விலை வேறுபாட்டைவிடப் பெரிதாக இருக்கும். எதை வாங்குவது என்று அவர் முடிவெடுக்கும் நேரத்தில் அந்தத் தொகை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்